மணல்மேட்டில் குவாட் பைக்: எந்த டயர், எவ்வளவு காற்று, எதில் காசு போடலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷார்ஜாவில் குப்பை கொட்ட ஆரம்பித்துப் பதினோரு வருஷம் ஆகிறது. அதில் கடைசி ஆறு வருஷமாகக் குளிர்காலம் வந்துவிட்டால் வெள்ளிக்கிழமை விடியற்காலை நான் இருக்கும் இடம் அல் பதாயர்தான், ஹத்தா போகும் சாலையோரம் 'பிக் ரெட்' என்று எல்லாரும் சொல்வார்களே, அந்தச் சிவப்பு மணல்மேடு. என் வண்டி யமஹா ராப்டர் 700, இரண்டு கை மாறி மூன்றாவதாக என்னிடம் வந்தது. புதிதாகக் குவாட் பைக் (நாலு சக்கரமும் பைக் ஹேண்டிலும் உள்ள வண்டி, கடைக்காரர்கள் ஏடிவி என்பார்கள், இரண்டும் ஒன்றுதான்) வாங்கும் நண்பர்கள் எல்லாரும் ஒரே கேள்விகளைக் கேட்பதால், ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டிக் கை ஓய்ந்துபோய் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

வண்டியோடு வந்த டயரே போதாதா?

முதல் சீசனுக்குத் தாராளமாகப் போதும். அந்த டயரில் இருக்கும் ரப்பர் கட்டைகள் மண்ணுக்கும் புல்லுக்கும் சரளைக்கும் பொதுவாகச் செய்தவை. ஈர மண்ணில் அவை கடித்துப் பிடிக்கும். காய்ந்த மணலில் கடிக்க என்ன இருக்கிறது? மணிகள் உருண்டு விலகிவிடும், கட்டை மணலைத் தோண்டித் தோண்டி வெளியே எறியும், நீங்கள் ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த வண்டி அதே இடத்தில் கிணறு வெட்டும். ஆனாலும் காற்றைச் சரியாக இறக்கி, ஏற்றத்தில் வேகத்தை விடாமல் போனால் 400 சிசிக்கு மேற்பட்ட வண்டியில் ஸ்டாக் டயரிலேயே (அதாவது வண்டியோடு வந்ததிலேயே) பெரும்பாலான மேடுகளை ஏறிவிடலாம். நான் முதல் வருஷம் முழுக்க அப்படித்தான் ஓட்டினேன்.

புது ஆளிடம் உடனே பேடில் டயர் (மணலுக்கென்றே துடுப்பு வைத்துச் செய்தது) போடாதே என்று நான் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஸ்டாக் டயர் சறுக்கும், அந்தச் சறுக்கல் உங்கள் தப்பை மன்னிக்கும். பேடில் சறுக்காது. ஏற்றத்தில் பாதி தூரத்தில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரைத் திடீரென்று அழுத்தினால் முன்பக்கம் தூக்கி வண்டி உங்கள் மேலேயே கவிழும்.

கையில் கொஞ்சம் காசுதான் இருக்கிறது. முதலில் எதை வாங்க?

ஹெல்மெட்டும் கண்ணாடியும் ஏற்கெனவே இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், போய் வாங்கி வாருங்கள்.

அடுத்தது குறைந்த அளவு காட்டும் காற்றுமானி. பிறகு வண்டியில் உயரமான கம்பில் கட்டும் கொடி, ஏர் ஃபில்டருக்கு ஒரு உறை. இது மூன்றும் சேர்ந்தாலும் ஒரு நல்ல பேடில் டயரின் விலை வராது, ஆனால் பலன் அதிகம். அதற்குப் பிறகுதான் பின் டயர். சைலன்சர் எல்லாம் கடைசி. நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: முதல் மாதம் சைலன்சர், சத்தத்தைக் கேட்டு ஊரே திரும்பிப் பார்க்கும், அரை மணி நேரத்தில் பள்ளத்தில் புதைந்து நிற்கும் வண்டியையும் அதே ஊர் பார்க்கும்.

பேடில் டயர் என்றால் என்ன? உண்மையிலேயே அவ்வளவு வித்தியாசமா?

துடுப்பு போட்ட டயர். வழுவழுப்பான டயரின் குறுக்கே ஒரு அங்குலம் உயரத்தில் ரப்பர் தகடுகள் நிற்கும், ஒவ்வொன்றும் லேசாகக் குழிந்து கரண்டி மாதிரி இருக்கும். படகுத் துடுப்பு தண்ணீரைத் தள்ளுவதுபோல அது மணலை அள்ளிப் பின்னால் தள்ளும், வண்டி முன்னால் போகும். துடுப்புகளுக்கு நடுவே டயர் வழுவழுப்பாக இருப்பதால் தோண்டாமல் மேலாக மிதக்கும்.

வித்தியாசமா? முதல் தடவை போட்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பாருங்கள், வேறு இன்ஜின் மாட்டின மாதிரி இருக்கும்.

எத்தனை பேடில் இருக்க வேண்டும்? அதிகம் இருந்தால் நல்லதுதானே?

இல்லை. இந்த ஒரு கேள்வியில்தான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள். ஒவ்வொரு துடுப்பும் மணலைத் தள்ள இன்ஜினிடம் வேலை கேட்கிறது. இன்ஜின் சின்னதாக இருந்து துடுப்பு பெரிதாக இருந்தால் ஆர்பிஎம் (இன்ஜின் சுற்றும் வேகம்) ஏறவே ஏறாது, இரண்டாவது கியரிலேயே மூச்சு வாங்கும். நான் சொல்லும் கணக்கு: 250 சிசி வரை 6 முதல் 8 பேடில், உயரம் முக்கால் அங்குலம் போதும், 400, 450-க்கு 8, கொஞ்சம் தைரியம் இருந்தால் 9, என் 700-க்கு 10. பன்னிரண்டும் அதற்கு மேலும் இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்தவர்களுக்கு. ஓட்டுகிறவரின் எடையும் கணக்கில் வரும். 100 கிலோ ஆளும் 60 கிலோ ஆளும் ஒரே டயரை ஒரே மாதிரி உணர மாட்டார்கள்.

இரண்டுக்கும் நடுவில் குழப்பம் வந்தால் குறைவாக இருப்பதை வாங்குங்கள். சுழன்று கொஞ்சம் வீணானாலும் இன்ஜின் உயிரோடு இருக்கும்.

முன் டயருக்கும் பேடில் வேண்டுமா?

ராப்டர் மாதிரி பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிக்கு வேண்டவே வேண்டாம். முன் சக்கரத்தின் வேலை மிதப்பதும் திருப்புவதும். அதற்கென்று வழுவழுப்பான டயரில் நடுவே ஒன்றோ இரண்டோ வரம்பு ஓடும் ரகம் விற்கிறார்கள். அந்த வரம்பு படகின் அடிக்கட்டை மாதிரி மணலைக் கீறிக்கொண்டு போகும், ஹேண்டிலைத் திருப்பினால் வண்டியும் திரும்பும். முழு வழுவழுப்பு டயர் எடை குறைவு, ஆனால் வளைவில் நேராகவே போகும், நமக்கு எதற்கு அந்த வம்பு.

அவசரமில்லாத செலவு இது. பின்னால் பேடில், முன்னால் ஸ்டாக் என்று ஒரு சீசன் தாராளமாக ஓட்டலாம்.

அளவு எப்படிப் பார்ப்பது? பெரிய டயர் போட்டால் நன்றாக மிதக்குமே?

டயரின் பக்கவாட்டில் 20×10-9 என்று இருந்தால் உயரம் 20 அங்குலம், அகலம் 10, ரிம் 9. ராப்டர் 700-இன் பின் டயர் இந்த அளவுதான். பேடிலில் 20×11 எடுத்தால் போதும். 22-க்குப் போனால் மிதப்பு கூடும் என்பது உண்மை, ஆனால் சக்கரம் 10 சதவீதம் உயரமாகும்போது கியரும் அதே 10 சதவீதம் நீண்டுவிடும். ஏற்கெனவே மணல் இன்ஜினை அழுத்துகிறது, அதன் மேல் இதுவும் ஏன்?

பேடிலுக்குத் தனி ரிம் வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் டயரை ரிம்மிலிருந்து பிரித்து மாட்டுவது பைத்தியக்கார வேலை. ரிம் வாங்கும்போது போல்ட் துளைகளின் அளவைக் கேளுங்கள்: யமஹா ராப்டரின் பின்னால் 4/115 (நாலு துளை, 115 மில்லிமீட்டர் வட்டத்தில்), முன்னால் 4/144, ஹோண்டா டிஆர்எக்ஸ் 450-இல் பின்னால் 4/110. ஐந்து மில்லிமீட்டர்தானே என்று அடித்து உள்ளே ஏற்றப் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். அது ஏறாது.

ஜோடியாக விற்றாலும் இரண்டு டயரையும் தையல்காரர் நாடா வைத்துச் சுற்றளவு பாருங்கள். பின் அச்சு ஒரே கம்பி என்பதால் ஒரு பக்கம் பெரிதாக இருந்தால் வண்டி மறுபக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

சரி, காற்று எவ்வளவு?

இதுதான் உண்மையான கேள்வி, கடைசியில்தான் கேட்பீர்கள்!

இங்கே லேண்ட் குரூசர்காரர்கள் பாலைவனத்தில் இறங்கும் முன் 12 முதல் 15 பி.எஸ்.ஐ. (டயர் காற்றை அளக்கும் அலகு) வரை இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கணக்கு குவாடுக்குப் பொருந்தாது. என் வண்டியின் கையேடு சாதாரணத் தரைக்குச் சொல்வதே ஏறக்குறைய 4 பி.எஸ்.ஐ. தான். வண்டி 200 கிலோ கூட இல்லை, டயரோ பலூன் மாதிரி. ஒருமுறை பஞ்சர் ஒட்டக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன், திரும்பி வந்தால் கடைப் பையன் காருக்கு வைப்பதுபோல 25 வைத்துவிட்டான், நானும் பார்க்காமல் ஏற்றிக்கொண்டு போய்விட்டேன். அன்றைக்கு வண்டி மணலில் ஓடவில்லை, ரப்பர் பந்து மாதிரி குதித்தது.

மணலில் ஸ்டாக் டயருக்கு 3 முதல் 4, பேடிலுக்கு 4 முதல் 6 வைக்கிறேன். கனமான ஆள் என்றால் 7 வரை போகலாம். பேடிலுக்கு ஏன் கூடுதல் என்றால், காற்று ரொம்பக் குறைந்தால் டயரின் நடுப்பகுதி உள்வாங்கி, துடுப்பு நேராக நின்று தள்ளாமல் மடங்கிவிடும். 3-க்குக் கீழே போனால் பக்கவாட்டுச் சறுக்கலில் டயர் ரிம்மை விட்டுக் கழன்று வரும் ஆபத்து உண்டு, டயர் விளிம்பை இறுக்கிப் பிடிக்கும் பீட்லாக் ரிம் இருந்தால் ஒழிய அங்கே போகாதீர்கள்.

இப்போது யாரும் சொல்லாத ஒரு விஷயம். விடிகாலை 17 டிகிரியில் 4 வைத்துவிட்டுக் கிளம்புகிறீர்கள். வெயில் ஏறி, மணல் சூடாகி, டயருக்குள் 47 டிகிரி ஆகிறது. மானி காட்டுவது வெளிக் காற்றழுத்தத்துக்கு மேல் உள்ளதை மட்டும்தான், உள்ளே மொத்தம் இருப்பது அந்த வெளி அழுத்தம் 14.7-ஐயும் சேர்த்து 18.7. முப்பது டிகிரி ஏறினால் அந்த மொத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடும், அதாவது கிட்டத்தட்ட 2 பி.எஸ்.ஐ. நீங்கள் வைத்த 4 இப்போது 6. கார் டயரில் இதே சூடு 32-ஐ 37 ஆக்கும், ஓட்டுகிறவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. நமக்கு அது ஒன்றரை மடங்கு. காலையில் அருமையாக ஏறிய மேட்டில் பத்து மணிக்கு வண்டி திணறுவதற்கு மணல் காய்ந்து இளகியது ஒரு காரணம், இது இன்னொரு காரணம். நடுவில் ஒருமுறை நிறுத்தி அளந்து இறக்குங்கள்.

கார் மானியால் இதை அளக்க முடியாது. 60 வரை காட்டும் மானியில் 4-க்கும் 6-க்கும் வித்தியாசமே தெரியாது. 10 அல்லது 15 வரை மட்டும் காட்டும் மானி வேண்டும். ஏற்றுவதற்கு சைக்கிள் பம்ப் போதும், சத்தியமாக.

பேடிலை எந்தப் பக்கம் பார்த்து மாட்டுவது?

பக்கவாட்டில் அம்புக்குறி இருக்கும். அழிந்துபோயிருந்தால் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, தரையைத் தொடும் இடத்தில் துடுப்பைப் பாருங்கள், குழிந்த பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும். மாற்றி மாட்டினாலும் ஓடும், ஆனால் கரண்டியைக் கவிழ்த்துச் சாம்பார் அள்ளுவது மாதிரி.

என்னுடையது நாலு சக்கரமும் இழுக்கும் ஆட்டோமேட்டிக் வண்டி. எனக்கும் இதே பேச்சா?

கொஞ்சம் வேறு. போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன், கேன்-ஆம் அவுட்லேண்டர் மாதிரி வண்டிகள் கனம், ஆனால் முன் சக்கரமும் இழுப்பதால் குறைந்த ஆழக் கட்டை உள்ள அகல டயர் நாலும் போட்டாலே மணலில் சொன்ன பேச்சு கேட்கும். சேற்றுக்கென்று செய்த ஆழக் கட்டை டயர் மட்டும் கூடவே கூடாது, அது மண்வெட்டி. முன்பின் டயர் உயரத்தில் கம்பெனி வைத்திருக்கும் விகிதத்தையும் கலைக்காதீர்கள், நாலு சக்கர இழுவையில் கியருக்குள் சண்டை வரும்.

உங்கள் பலவீனம் இன்ஜினின் இழுவையைக் கடத்தும் ரப்பர் பெல்ட். இளகிய மணலில் மெதுவாக, ஹை கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கொண்டே இருந்தால் பெல்ட் சறுக்கிச் சூடாகிக் கருகும். ஏற்றத்திலும் புதைந்த இடத்திலும் லோ கியர் போடுங்கள். உபரி பெல்ட் ஒன்று பையில் இருக்கட்டும், அதை மாற்றவும் வீட்டிலேயே ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள்.

பேடில் போட்டதும் வண்டி கனமாகத் தெரிகிறது. இன்ஜின் வேலை செய்யணுமா?

ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரம்) மாற்றுங்கள், இன்ஜினை விடுங்கள். ராப்டர் 700-இல் முன் ஸ்ப்ராக்கெட் 14 பல், பின் 38. முன்னால் 13 போட்டால் இழுவை 8 சதவீதம் அளவுக்குக் கூடும், கடைசி வேகம் அதே அளவு குறையும். மணலில் யார் கடைசி வேகத்தில் போகிறார்கள்? சின்ன ஒரு இரும்புத் துண்டு, ஒரு மணி நேர வேலை, பிடிக்கவில்லையென்றால் பழையதை மாட்டிக்கொள்ளலாம்.

சைலன்சர், பெரிய பிஸ்டன், இதெல்லாம்?

சைலன்சரை மாற்றினால் இன்ஜினுக்குள் காற்றோட்டம் மாறும், பெட்ரோல் அளவையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஃப்யூல் கண்ட்ரோலர், கார்புரேட்டர் வண்டியில் ஜெட். அதைச் செய்யாமல் விட்டால் பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடேறும், இந்த ஊர் வெயிலில் அது விளையாட்டில்லை. பெரிய பிஸ்டன் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, பணம் இருப்பவர்கள் போடட்டும்.

ஏர் ஃபில்டரைப் பற்றி ஏன் எல்லாரும் இவ்வளவு பயமுறுத்துகிறார்கள்?

பயப்பட வேண்டிய விஷயம் என்பதால். கண்ணுக்குத் தெரியும் மணல் இல்லை பிரச்சினை, முன்னால் போகிறவன் கிளப்பும் பவுடர்தான் பிரச்சினை. அது உள்ளே போனால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உப்புக்காகிதம் வைத்துத் தேய்த்த மாதிரி. முதலில் புகை, பிறகு ஸ்டார்ட் பிரச்சினை, கடைசியில் பெரிய பில்.

எண்ணெய் தடவிய ஃபோம் ஃபில்டர் போதும். ஆனால் ஒவ்வொரு தடவை ஓட்டிய பிறகும் கழற்றிக் கழுவி, நன்றாகக் காயவைத்து, ஃபில்டர் எண்ணெயை எல்லாப் பக்கமும் பிசைந்து ஏற்ற வேண்டும். பெட்ரோலில் கழுவாதீர்கள், ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போகும். இரண்டு ஃபில்டர் வைத்துக்கொண்டால் வாரநாளில் நிம்மதி. மேலே துணி உறை ஒன்று போட்டால் பெரிய மணல் அங்கேயே நின்றுவிடும். ஃபில்டர் உட்காரும் விளிம்பில் மெல்லிய கிரீஸ் பூசுங்கள்.

ஃபில்டர் சரியாக வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஃபில்டருக்கு உட்புறம் இருக்கும் ரப்பர் குழாயில் விரலால் கொஞ்சம் கிரீஸ் தடவி விடுங்கள். ஓட்டி முடித்து வந்து அதைத் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். நறநற என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கும் வரை வண்டியை எடுக்காதீர்கள். பழைய வண்டி வாங்கப் போகும்போதும் அந்தக் குழாயில்தான் முதலில் விரல் விட்டுப் பார்ப்பேன். விற்கிறவர் என்ன சொன்னாலும் குழாய் பொய் சொல்லாது.

செயினுக்கு எண்ணெய் அடிக்கலாமா?

கிளம்பும் முன் அடிக்காதீர்கள். பிசுபிசுப்பும் மணலும் சேர்ந்தால் அரைக்கும் மாவுதான். ஓட்டி முடித்துச் சாயங்காலம் துடைத்து, காய்ந்ததும் பிசுபிசுக்காத மெழுகு வகை ஸ்ப்ரே அடித்துவிடுங்கள், அடுத்த வாரத்துக்குள் அது உலர்ந்திருக்கும்.

சஸ்பென்ஷன், அகல அச்சு?

முன் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்கி மூக்கைத் தூக்கி வையுங்கள், பள்ளத்தில் குத்தி நிற்காது. அகல அச்சு சரிவில் குறுக்காகப் போகும்போது நிஜமாகவே தைரியம் கொடுக்கும், ஆனால் விலை. இரண்டாவது வண்டி வாங்கும்போது யோசிக்கலாம்.

கொடி அவசியமா? பார்க்க நன்றாக இல்லையே.

மணல்மேட்டில் காற்றடிக்கும் பக்கம் சாய்வாகவும், மறுபக்கம் முப்பது டிகிரிக்கு மேல் செங்குத்தாகவும் இருக்கும். நீங்கள் ஏறிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து இன்னொருவர் ஏறிக்கொண்டிருந்தால் உச்சியில்தான் முதன்முதலாகச் சந்திப்பீர்கள். கொடி இருந்தால் ஐந்து விநாடி முன்பே தெரியும். கலிஃபோர்னியாவின் இம்பீரியல் மணல்மேடுகளில், கிளாமிஸ் என்று சொல்வார்களே, அங்கே தரையிலிருந்து குறைந்தது 8 அடி உயரத்துக்குக் கம்பும் 6×12 அங்குலக் கொடியும் கட்டாய விதி. யாரும் கேட்காவிட்டாலும் நான் அந்த அளவைத்தான் வைத்திருக்கிறேன். கொடி இருந்தாலும் உச்சியை நேராகத் தாண்டிப் பறக்காதீர்கள், சாய்வாக ஏறி எட்டிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கால் பக்கம் நெர்ஃப் பார் வலையும் (கால் கீழே போகாமல் தடுக்கும் கம்பியும் வலையும்) வேண்டும். கால் நழுவினால் பின் டயர் பூட்ஸை இழுக்கும், பேடில் என்றால் காலையே இழுக்கும். நீங்கள் விழுந்தால் இன்ஜினை நிறுத்தும், கையில் கட்டும் கில் ஸ்விட்ச் கயிறும் மலிவுதான்.

பேடிலோடு கெட்டியான தரையில் போகலாமா? பழைய பேடில் வாங்கலாமா?

தார்ச்சாலையில் குவாடையே ஓட்டக் கூடாது, பிக்கப்பிலோ டிரெய்லரிலோ ஏற்றிப் போங்கள். சரளையிலும் சப்கா எனப்படும் உப்புத்தரையிலும் பேடில் தடதடவென்று குதிக்கும், துடுப்பின் முனை தேயும், அடியில் கிழியும். அதனால்தான் பழையது வாங்கும்போது துடுப்பை விரலால் மடக்கி அடிப்பகுதியைப் பார்க்கச் சொல்கிறேன். மயிரிழை விரிசல் இருந்தால் விட்டுவிடுங்கள். முனை வட்டமாகத் தேய்ந்திருந்தால் பாதி விலை கேளுங்கள். வாங்கியதை மொட்டை மாடி வெயிலில் போடாமல் நிழலில் வையுங்கள்.

பஞ்சர் பற்றி ஒன்று: இங்கே மணலுக்கு நடுவே நிற்கும் கஃப் மரம் நம் ஊர் வன்னிதான், முள்ளும் அதே முள்தான். அதன் நிழலுக்காக வண்டியைக் கீழே கொண்டுபோய் நிறுத்தி இரண்டு தடவை பஞ்சர் வாங்கியிருக்கிறேன். அப்புறம் டயர் அடைக்கும் பிளக் பெட்டியும் அந்தச் சைக்கிள் பம்பும் இல்லாமல் கிளம்புவதில்லை, வண்டியை மரத்திலிருந்து இருபதடி தள்ளி நிறுத்திவிட்டு நான் மட்டும் நடந்து போய் நிழலில் உட்காருகிறேன்.

ஊருக்குப் போகும்போது தேரிக்காட்டில் ஓட்டலாமா? அதுவும் இதே சிவப்பு மணல்தானே?

நிறம் ஒன்றுதான், இரண்டிலும் மணிகளின் மேல் இரும்பு ஆக்சைடு. ஆனால் குதிரைமொழித் தேரி காப்புக்காடு, அங்கே வண்டி விடப் போகாதீர்கள். மற்ற இடங்களில் பனையும் முந்திரியுமாக யாரோ ஒருவருடைய தோட்டம். திருச்செந்தூர்ப் பக்கம் சொந்தத் தேரி நிலம் இருக்கும் மாமா யாராவது இருந்தால் அவரைக் கேளுங்கள், எனக்கும் சொல்லுங்கள்.